13-ல் முதலிடம், 15-ல் ஏழாவது

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எட்டாம் வகுப்பில் குறுவட்டம், வருவாய் மாவட்டம் என்று போன இடமெல்லாம் முதலாவதாக வந்த பெண், பத்தாம் வகுப்பில் 3000 மீட்டரில் ஏழாவதாக வந்திருக்கிறாள். ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் படிக்க வைப்போம் என்கிறார் அப்பா. உடம்பு போட்டுவிட்டது, சோற்றைக் குறையுங்கள், பிளஸ் ஒன்னில் விளையாட்டு விடுதியில் சேர்த்துவிடுங்கள் என்கிறார் கோச். நடுவில் மாட்டிக்கொண்டு, "திறமை போய்விட்டதா சார்?" என்று என்னைக் கேட்கிறீர்கள்.

போகவில்லை. ஆனால் 13 வயதில் நீங்கள் பார்த்தது முழுக்கத் திறமை என்றும் சொல்ல மாட்டேன். அந்த வயதுப் பந்தயத்தில் யார் முன்னால் வருகிறார்கள் என்பதை, உடம்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ஒருத்தி சீக்கிரம் வளர்ந்து கால் நீண்டிருப்பாள். இன்னொருத்தி வயதுக்கு வராமல் காற்று மாதிரி லேசாக இருப்பாள். இருவருமே அந்த வருடம் ஜெயிக்கலாம்.

பெண் குழந்தைகள் பெரும்பாலும் 12 வயதை ஒட்டி மளமளவென்று உயர்கிறார்கள். அடுத்த ஒன்றரை வருடத்துக்குள் மாதவிடாய் தொடங்குகிறது. இடுப்பு அகல்கிறது, கொழுப்பு கொஞ்சம் கூடுகிறது. அதெல்லாம் நடந்தே ஆக வேண்டும். அதே மைதானத்தில் அதே மாஸ்டரிடம் ஓடும் பையனுக்கோ டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் தசையையும், ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினையும் கூட்டிக் கொடுக்கிறது. வருடா வருடம் அவன் நேரம் தானாகக் குறையும். பெண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. எவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி செய்தாலும் இரண்டு மூன்று வருடம் நேரம் அப்படியே நிற்கலாம், கொஞ்சம் கூடவும் செய்யலாம். புது உடம்போடு ஓடப் பழகிக்கொள்ளும் காலம் அது. நீண்ட தூர ஓட்டத்தில் பெண்கள் உச்சம் தொடுவது பெரும்பாலும் இருபதுகளின் நடுவிலும் அதற்குப் பிறகும்தான். உங்கள் மகளுக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது.

சின்ன வயதிலேயே மின்னியவர்கள் யாருமே பெரிய ஆளாவதில்லையா என்றால், ஆகிறார்கள். கென்யாவின் ஃபெய்த் கிப்யேகான் 2011-ல், 17 வயதில், ஜூனியர் உலக கிராஸ் கன்ட்ரி (காடுமேடு ஓட்டம்) பட்டம் வென்றார். அப்புறம் 2016, 2021, 2024 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் 1500 மீட்டர் தங்கம். நடுவில் 2018-ல் குழந்தை பெற்றுவிட்டு வந்தும் ஓடினார். இன்னொரு பக்கம் அமெரிக்காவின் மேரி கெய்ன். 2013-ல் மாஸ்கோ உலகப் போட்டியில் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியபோது அவருக்கும் 17 வயதுதான். அடுத்த ஒலிம்பிக் நட்சத்திரம் என்றே எல்லோரும் பேசினார்கள். 2019-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்: எடையைக் குறை, குறை என்ற நெருக்கடியில் மூன்று வருடம் மாதவிடாய் நின்றுபோனது, ஐந்து எலும்புகள் முறிந்தன. ஒலிம்பிக் பக்கமே அவரால் போக முடியவில்லை.

ஆக, 17 வயதில் இரண்டு பேருமே உலகத் தரம். அந்த வயதின் பதக்கத்தை மட்டும் வைத்து எந்த ஜோசியராலும் இவர்கள் பாதையைச் சொல்லியிருக்க முடியாது. நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் 15 வயதில் எத்தியோப்பியாவிலிருந்து அகதியாக வந்து, நர்ஸிங் படித்துக்கொண்டே ஓட ஆரம்பித்தவர். பாரிஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கம் அவருக்குத்தான்.

கோச் சொன்ன சோறு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் அதுதான். ஓடும் அளவுக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும், அப்புறம் எலும்பில் கை வைக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயரே வைத்துவிட்டது. எலும்பு வலுவில் பெரும்பகுதி பதினெட்டு, இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இப்போது விட்டதைப் பின்னால் பிடிப்பது கஷ்டம். எடை குறைந்ததும் சில மாதம் நேரம் நன்றாக வரும் என்பதுதான் இதில் உள்ள பொறி. கோச்சும் மகிழ்வார், பிள்ளையும் மகிழ்வாள்.

நான் டாக்டர் இல்லை. அதனால் கேள்வி மட்டும் கேட்கிறேன். அவளுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? 15 வயதாகியும் தொடங்கவில்லை என்றாலோ, வந்துகொண்டிருந்தது மூன்று மாதமாக நின்றிருந்தாலோ மகளிர் மருத்துவரைப் பாருங்கள். நன்றாகப் பயிற்சி செய்தால் அப்படித்தான் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்தால் தூர ஓட்டத்தில்தான் முதலில் தெரியும். பள்ளியில் வாரம் ஒரு தடவை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிவது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஏழாவது இடத்துக்குக் காரணம் அங்கேகூட இருக்கலாம்.

விடுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பம் போடுமுன் நேரில் போய்ப் பாருங்கள். காலைப் பயிற்சி முடிந்த அரை மணியில் என்ன சாப்பாடு, பெண் கோச்சோ வார்டனோ இருக்கிறார்களா, அடிபட்டால் யார் பார்ப்பார்கள், எல்லோர் முன்னாலும் எடை பார்க்கும் வழக்கம் உண்டா என்று கேளுங்கள். முக்கியமாக, மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் இன்னும் ஓடுகிறார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை நான் கேட்கக் கற்றுக்கொண்டது ஒரு தப்புக்குப் பிறகுதான். ஆரம்ப காலத்தில் ஒரு பெண்ணின் பதக்கக் குவியலைப் பார்த்து மயங்கி, விடுதியில் சேர்க்கலாம் என்று யோசிக்காமல் தலையாட்டினேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி என்று அவள் ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தாள். அதற்குள் பிளஸ் டூ பாடமும் பாதி போய்விட்டது.

அப்பாவிடமும் ஒன்று சொல்லுங்கள். ஓட்டமா படிப்பா என்று இப்போதே வெட்டிவிட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, காவலர் தேர்வில் 10 சதவீதம். ரயில்வேயும் ஆள் எடுக்கிறது. மீரட் பக்கத்து விவசாயி மகள் பாருல் சௌத்ரி ரயில்வேயில் வேலை பார்த்தவர். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் 28 வயதில் 5000 மீட்டர் தங்கம் வாங்கினார். தங்கம் வாங்கினால் உத்தரப் பிரதேச போலீசில் டி.எஸ்.பி. பதவி கிடைக்குமே என்றுதான் கடைசி 50 மீட்டரில் நினைத்தேன் என்று பேட்டியில் சொன்னார். எனக்கு ரொம்பப் பிடித்த பதில்! பிறகு அந்தப் பதவியும் கிடைத்தது.

ஆனால் ஒதுக்கீட்டை நம்பி பிளஸ் ஒன் குரூப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மாவட்டச் சான்றிதழோடு நின்றுவிட்டால் பெரிதாக உதவாது, தேசிய அளவுக்குப் போக வேண்டும். அவளுக்கு உயிரியல் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குரூப்பையே எடுக்கட்டும். பிசியோதெரபி, நர்ஸிங் இரண்டும் திறந்திருக்கும். உடற்கல்வி படிக்க வேண்டுமென்றால் எந்த குரூப்பிலிருந்தும் போகலாம். சான்றிதழ்களின் ஒரிஜினலை மட்டும் பத்திரமாக வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள்.

இப்போதைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடியட்டும். அதுவரை வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு, ஓடிவிட்டு வந்ததும் முட்டையோ வாழைப்பழமும் கடலை மிட்டாயுமோ, ஊர் ஊராக நடக்கும் 10 கிலோமீட்டர் 'மாரத்தான்'களுக்கு முழு லீவு. தேர்வுக்கு அப்புறம் மூன்று வாரம் ஓட்டத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறக்க வேண்டாம். அவளாக ஷூவை எடுத்து மாட்டுகிறாளா என்று மட்டும் கவனியுங்கள். அதையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் சேர்த்து மே மாதம் எனக்கு எழுதுங்கள். விடுதி பற்றி அப்போது பேசலாம்.