தலையைப் பார்த்துப் பெயர் சொல்லலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மழைக்குப் பின் பூந்தொட்டிக்கு அடியில் கண்ட ஒரு புழுவின் படத்தை உங்களுக்கு அனுப்பியிருந்தேன். அரைவட்டத் தலை, முதுகில் நீளக் கோடுகள். 'தரைவாழ் தட்டைப்புழு, பைபாலினே துணைக்குடும்பம். அதற்குமேல் படத்தை வைத்துச் சொல்ல முடியாது' என்று பதில் எழுதினீர்கள். பறவையை இறகின் நிறத்தை வைத்துச் சொல்கிறோம், வண்ணத்துப்பூச்சியைச் சிறகை வைத்துச் சொல்கிறோம். இவ்வளவு தெளிவான தலையும் கோடும் இருக்கும் புழுவுக்கு மட்டும் ஏன் முடியாது? இன்னொன்று, வீட்டில் எல்லோரும் அதை அட்டை என்றே சாதிக்கிறார்கள். இல்லை என்று எப்படிக் காட்டுவது?

எம்.

அன்புள்ள எம்.,

அட்டையை முதலில் முடித்துவிடலாம். அட்டை மண்புழுவுக்கு உறவு. உடல் முழுக்க வளையங்கள், இரு முனையிலும் ஒட்டுறிஞ்சிகள், பின்பக்கம் மலத்துளை. உங்கள் புழுவில் இவை எதுவுமே கிடையாது. ஒரு குச்சியால் அதைப் புரட்டிப் பாருங்கள். வெறும் கை வேண்டாம். உங்கள் புழுவின் துணைக்குடும்பத்தைச் சேர்ந்த பைபாலியம் பேரினத்தின் இரண்டு சிற்றினங்களில் டெட்ரோடோடாக்சின் என்ற கடும் நஞ்சு இருப்பது 2014இல் தெரியவந்தது. அடிப்பக்கம் நடுவே நீளவாக்கில் ஒரு வெளிறிய பட்டை தெரியும். அதிலுள்ள, மயிர் போன்ற நுண்ணிய குறுயிழைகளை அசைத்து, தான் சுரக்கும் கோழையின் மேல் புழு வழுக்கிப் போகிறது.

அந்தப் பட்டையிலேயே, உடலின் நடுவாக்கில், வாய் இருக்கிறது. தலையில் இல்லை! இரை கிடைத்ததும் வாய்க்குள் இருக்கும் தொண்டைக்குழாய் வெளியே நீண்டு வந்து, செரிமான நீரைச் சுரந்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். குடலுக்கு மூன்று கிளைகள். ஒன்று தலைப்பக்கம் போகிறது, இரண்டு வால்பக்கம். இந்தப் புழுக்கள் அடங்கும் டிரைகிளாடிடா என்ற வரிசையையே இந்த மூன்று கிளைகளை வைத்துத்தான் வகுத்தார்கள். மலத்துளை இல்லாததால் கழிவும் வாய் வழியாகவே வெளியேறுகிறது. இரத்தம் கிடையாது, நுரையீரல் கிடையாது, உடற்குழியும் கிடையாது. ஆக்சிஜன் தோல் வழியே ஊறித்தான் உள்ளே போக வேண்டும். உடல் தடித்தால் நடுவில் இருக்கும் செல்களுக்கு அது எட்டாது. தட்டையாக இருப்பதற்கும், ஈரத்தை விட்டு அகலாமல் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

சரி, பெயருக்கு வருவோம். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இந்த விலங்குகளை ஆராய்ந்தவர்களும் நெடுங்காலம் வெளித்தோற்றத்தை நம்பித்தான் இருந்தார்கள். தலை அகன்று அரைவட்டமாக இருந்தால் ஒரு குடும்பம். தலை குறுகி, இரண்டே கண்கள் இருந்தால் ரிங்கோடெமிடே. தலை குறுகி, உடலோரம் நெடுகப் புள்ளிபுள்ளியாகப் பல கண்கள் இருந்தால் ஜியோபிளானிடே. ரொம்ப வசதியான ஏற்பாடு. ஒரு உருப்பெருக்கி இருந்தால் போதும்.

டிஎன்ஏவை ஒப்பிட்டதும் இது நிலைக்கவில்லை. பல கண்கள் உள்ள கேனோபிளானா வகையறா, இரண்டு கண்கள் உள்ள ரிங்கோடெமஸ் வகையறாவுக்கு மிக நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. அதே இரண்டு கண்கள் உள்ள மைக்ரோபிளானா தனிக் கிளையாக விலகி நின்றது. ஆக, கண்களின் எண்ணிக்கை உறவைக் காட்டவே இல்லை. தோலுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தசைகள் தடித்த கற்றைகளாகத் திரண்டிருப்பதுதான் கேனோபிளானாவையும் ரிங்கோடெமஸையும் சேர்க்கிறது. அதை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. 2009இல் வெளியான புதிய வகைப்பாடு பழைய குடும்பங்களை எல்லாம் கலைத்து, தரைவாழ் தட்டைப்புழுக்கள் அனைத்தையும் ஜியோபிளானிடே என்ற ஒரே குடும்பத்துக்குள் துணைக்குடும்பங்களாக வைத்தது. இவற்றுக்கு மிக நெருங்கிய உறவு நன்னீரில் வாழும் டுகேசிடே குடும்பம். எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி உண்டு. நிலத்துக்கு ஏறிவந்த ஒரு பரம்பரையின் கதை இப்போதுதான் ஒழுங்காகப் படிக்கக் கிடைக்கிறது.

உங்கள் புழுவின் அரைவட்டத் தலை மட்டும் இந்தக் கலவரத்தில் தப்பியது. அதனால்தான் துணைக்குடும்பம் வரை துணிந்து சொன்னேன். அதற்குள்ளே பேரினங்களைப் பிரிப்பது இனப்பெருக்க உறுப்புகள். இவை இருபால் உயிரிகள். விந்தகங்கள் வரிசையாகப் பல, சூலகங்கள் முன்பக்கம் ஒரு ஜோடி, புணர்ச்சி உறுப்பு வாய்க்குப் பின்னால். சூலகத்திலிருந்து வரும் நாளங்கள் பெண் உறுப்பறைக்குள் பின்புறமாக நுழைந்தால் பைபாலியம், முன்புறமாக நுழைந்தால் ஹம்பெர்டியம். ஆண்குறி மிகச் சிறுத்தோ இல்லாமலோ போய், உறுப்பறையின் மடிப்புகளே அந்த வேலையைச் செய்தால் நோவிபைபாலியம். இதையெல்லாம் பார்க்க, புழுவை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனில் வரிசையாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து உள்ளுறுப்பை மறுபடி வரைய வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனாலும் இதற்கு மாற்று இல்லை என்பதே என் எண்ணம்.

அப்புறம் ஒரு சிக்கல் இருக்கிறது. உலகெங்கும் செடித்தொட்டி மண்ணோடு பரவிய பைபாலியம் கெவென்சே, வந்தேறிய இடங்களில் பெரும்பாலும் வால் நுனியை உதிர்த்தே பெருகுகிறது. உதிர்ந்த துண்டு முழுப் புழுவாக வளர்ந்துவிடும். 1878இல் இயற்கையியலாளர் மோஸ்லி இதற்குப் பெயர் வைத்ததே லண்டன் கியூ தோட்டத்தின் கண்ணாடிக் கூடத்தில் கிடைத்த புழுவைக் கொண்டுதான். இதன் பூர்வீகம் தென்கிழக்காசியா. இப்படித் துண்டாகிப் பெருகும் புழுக்களில் முதிர்ந்த இனப்பெருக்க உறுப்பு கிடைப்பதே அரிது. உள்ளுறுப்பு தெரியாதவற்றை வைக்கவே டைவர்சிபைபாலியம் என்று ஒரு தற்காலிகப் பேரினம் உண்டு. 2022இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள மயோட் தீவிலிருந்து விவரிக்கப்பட்ட புழு அதில்தான் இருக்கிறது. அதே ஆய்வில் வந்த ஹம்பெர்டியம் கோவிடம், உள்ளுறுப்பு தெரிந்ததால், தன் பேரினத்திலேயே இடம்பிடித்தது.

உங்கள் புழுவுக்குக் கோடுகள் ஓரளவு உதவும். கெவென்சேயின் முதுகில் ஐந்து கருங்கோடுகள். அடுத்த முறை கண்டால் ஊர்ந்து நீண்டிருக்கும்போது மேலிருந்து ஒரு படம், கழுத்தை ஒட்டி ஒரு படம், அடிப்பக்கம் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் இருக்கட்டும். துண்டாக வெட்டி எறிய வேண்டாம், அது இரண்டாகும். ஆய்வாளருக்கு அனுப்புவதாக இருந்தால் உடலோரத்தில் ஒரு சிறு துண்டை டிஎன்ஏவுக்காக 95 சதவீத எத்தனாலிலும், மீதி உடலைச் சீவிப் பார்ப்பதற்காக ஃபார்மலினிலும் வைக்கச் சொல்லுங்கள். முழுப் புழுவையும் எத்தனாலில் மட்டும் போட்டுவிட்டால் பிறகு உள்ளுறுப்பைப் பார்ப்பது கடினம்.