எத்தனை கிலோ, எத்தனை தடவை?

கேள்வி: எனக்கு 52 வயது. மாதவிடாய் நின்று 3 ஆண்டுகள் ஆகின்றன. எலும்பு அடர்த்தி குறையத் தொடங்கியிருப்பது பரிசோதனையில் தெரிந்ததால், எடைப் பயிற்சி செய்யும்படி மருத்துவர் சொன்னார். 4 மாதங்களாக ஜிம்முக்குப் போகிறேன். பயிற்சியாளர் 2 கிலோ டம்பெல்லைக் கொடுத்து எல்லாப் பயிற்சியையும் 20 தடவை செய்யச் சொல்கிறார். பெண்கள் அதற்குமேல் தூக்கினால் உடம்பு ஆண்களைப் போல் முறுக்கேறிவிடும் என்கிறார். கல்லூரியில் படிக்கும் என் மகனோ, 5 தடவைக்கு மேல் தூக்க முடியாத எடையைத் தூக்கினால்தான் பலன் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தை உங்கள் மகன் சரியாகவே சொல்லியிருக்கிறார், ஆனால் நாளைக்கே அந்த எடையில் கை வைக்கக் கூடாது. பயிற்சியாளர் தந்திருக்கும் 2 கிலோ முதல் வாரத்துக்குப் பொருந்தியிருக்கும். நான்கு மாதங்களுக்குப் பிறகும் அதே 2 கிலோ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தண்ணீர் நிறைந்த ஒரு வாளியே பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். அதை வீட்டில் அன்றாடம் தூக்குகிற உடம்புக்கு 2 கிலோவால் புதிதாக எந்த வேலையும் கிடைப்பதில்லை. வழக்கத்தைவிடக் கூடுதலான சுமையைத் தாங்க நேரும்போதுதான் தசையும் எலும்பும் தம்மை உறுதிப்படுத்திக்கொள்கின்றன.

குறைந்த எடையைப் பல தடவை தூக்கினால் தாக்குப்பிடிக்கும் திறன் வளரும், அதிக எடையைச் சில தடவை தூக்கினால் வலிமை வளரும் என்பதை, இரண்டாம் உலகப் போரில் முழங்காலில் அடிபட்ட அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்த தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர் 1945லேயே எழுதினார். பத்து தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை எதுவோ அதை அளவாக வைத்து, வாரம்தோறும் அதைக் கூட்டிக்கொண்டே போவது அவருடைய முறை. இன்று எல்லா ஜிம்களிலும் புழங்கும் ‘மூன்று செட், பத்து தடவை’ என்ற கணக்குக்கு அவருடைய பணியே மூலம் (நடுவில் ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட்). அந்தப் பத்தாவது தடவை கடினமாக இருக்க வேண்டும் என்ற பாதியைத்தான் பல இடங்களில் மறந்துவிட்டார்கள். தசையின் பருமனை மட்டும் கருதினால், குறைந்த எடையைக்கூடக் கை ஓயும்வரை தூக்கிப் பலன் பெறலாம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் வலிமையைப் பொறுத்தவரை அதிக எடைக்கே பலன் கூடுதல்.

உங்கள் நிலைக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு குழுவினர் வீட்டிலேயே இலேசான பயிற்சிகளைச் செய்ய, இன்னொரு குழுவினர் வாரம் இரண்டு நாள், நாளுக்கு அரை மணி நேரம், நேரடிக் கண்காணிப்பில் டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடையைப் பிடித்து நிமிர்ந்து எழுவது), ஸ்க்வாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), தலைக்கு மேல் எடை தூக்குதல் ஆகியவற்றை ஐந்து செட், செட்டுக்கு ஐந்து தடவை செய்தார்கள். எடையோ, ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற உச்ச எடையில் 85 சதவீதத்துக்கும் மேல். இவற்றோடு குதித்து இறங்கும் பயிற்சியும் இருந்தது. எட்டு மாத முடிவில் இந்தக் குழுவினரின் முதுகெலும்பு அடர்த்தி கூடியிருந்தது. இலேசான பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்திருந்தது. அவர்களும் முதல் மாதம் வெறும் உடல் எடையிலும் குறைந்த பளுவிலும் முறையைப் பழகிக்கொண்ட பிறகே கனமான எடைக்குப் போனார்கள் என்பதை உங்கள் மகனிடம் அவசியம் சொல்லுங்கள்.

உடம்பு முறுக்கேறும் என்ற பயம் வேண்டாம். பெருத்த தசைக்குப் பெரிதும் துணைபுரியும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்களின் இரத்தத்தில் ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. இந்த ஒரு பயத்தால் எத்தனையோ பெண்கள் தங்களுக்கு மிகவும் தேவைப்படும் வயதில் வலிமையை இழந்து நிற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இனி உங்கள் எடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம். டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு செய்யும் ஸ்க்வாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 கிலோவோடு பத்து தடவை உட்கார்ந்து எழுங்கள். முடித்ததும், ‘இன்னும் எத்தனை தடவை ஒழுங்காகச் செய்திருப்பேன்?’ என்று உங்களையே கேளுங்கள். ஐந்தாறு என்று தோன்றினால் எடை போதவில்லை. மூன்று நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு 7.5 கிலோவை எடுங்கள். எட்டாவது, ஒன்பதாவது தடவையில் எழும் வேகம் தானாகவே குறைந்து, பத்தாவதில் ‘இன்னும் இரண்டுதான் முடியும்’ என்ற நிலை வந்தால் அதுவே இன்றைக்கு உங்கள் எடை. முதுகு வளைந்தாலோ, முழங்கால் உள்பக்கம் சாய்ந்தாலோ எண்ணிக்கை அங்கேயே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலுக்குப் பொருந்தும் எடை தோளுக்குப் பொருந்தாது என்பதால், ஒவ்வொரு பயிற்சிக்கும் தனித்தனியாக இப்படிப் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு மாதங்கள் இந்தப் பத்து தடவைக் கணக்கில், மூன்று செட் போதும். எல்லாச் செட்டிலும் பன்னிரண்டு தடவை வரத் தொடங்கினால் எடையைக் கூட்டுங்கள். தடவை எட்டுக்குக் குறைந்தால் பரவாயில்லை, மறுபடி ஏறும். ஒரே நேரத்தில் 2 முதல் 10 சதவீதம் வரை கூட்டலாம் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பின் பரிந்துரை. பல ஜிம்களில் டம்பெல்கள் 2.5 கிலோ இடைவெளியில்தான் இருக்கும்; 5 கிலோவிலிருந்து 7.5 கிலோவுக்குப் போவது ஒன்றரை மடங்கு. ஆகவே தோள், கைப் பயிற்சிகளில் பதினைந்து தடவை வரும்வரை பொறுத்திருந்து அடுத்த எடைக்குப் போங்கள். மூன்றாம் மாதம் எட்டு தடவை, அதன்பின் முறை பிசகாதிருந்தால் ஐந்தாறு தடவை என்று இறங்கலாம். அப்போது செட்டுகளுக்கிடையே இரண்டு மூன்று நிமிட ஓய்வு அவசியம்.

உச்ச எடையைத் தூக்கிப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். தூக்கிய எடையைத் தடவைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, 30ஆல் வகுத்து, அதை அந்த எடையோடே கூட்டினால் உச்ச எடை தோராயமாகக் கிடைத்துவிடும். கால்களால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் கருவியில் 30 கிலோவைப் பத்து தடவைக்கு மேல் தள்ள முடியவில்லை என்றால் உங்கள் உச்சம் ஏறத்தாழ 40 கிலோ. அதில் 85 சதவீதம் 34 கிலோ.

மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று எகிறும்; தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். முன்பு எலும்பு முறிவோ, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ இருந்தால், எடையைக் கூட்டும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். முதுகை வளைத்துக் குனிந்தோ, இடுப்பைத் திருகியோ எடை எடுக்காதீர்கள். பயிற்சியாளரிடம் எலும்புப் பரிசோதனை அறிக்கையையே காட்டி, டெட்லிஃப்ட்டையும் ஸ்க்வாட்டையும் முறையாகக் கற்றுத்தரக் கேளுங்கள். அவர் மறுபடியும் 2 கிலோவையே நீட்டினால், தயங்காமல் வேறொரு பயிற்சியாளரைத் தேடுங்கள்.