பாலைவனத்தில் கட்டும் எதிர்கால நகரங்கள் உண்மையிலேயே பசுமை நகரங்களா?

சவூதி பாலைவனத்தில் கட்டத் திட்டமிட்ட 'தி லைன்' என்ற நீள நகரத்தின் படத்தைப் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். என் கணக்கில், பசுமை என்பது ஒரு தெருவளவில் முடியும். அந்தப் பிரம்மாண்டத்தில் முடியாது. அபுதாபியில் ஆறு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

அங்கே விமான நிலையத்தை ஒட்டி மஸ்தார் நகரம் இருக்கிறது. 2008-ல் வேலை தொடங்கியபோது 50,000 பேர் குடியிருக்கும், கார்பனே வெளியேற்றாத ஊர், 2016-க்குள் ரெடி என்றார்கள். ஓர் ஆகஸ்ட் மாதம் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்து மாட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தால், வெயில் தலையில் இறங்கவே இல்லை. குறுகலான தெரு, எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றுக்கொன்று நிழல் தருகின்றன. நடுமுற்றத்தில், மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும் 45 மீட்டர் உயரக் காற்றுக் கோபுரம். வளைகுடாவின் பழைய வீடுகளில் இருந்த 'பர்ஜீல்'தான் அது. சுவர் சூடாகாவிட்டால் கம்ப்ரசர் ஓடும் நேரம் குறையும். எனக்குத் தெரிந்து நிஜமான மிச்சம் அதில்தான், சோலார் எல்லாம் அப்புறம்.

ஊர் முழுக்க ஓடும் என்று சொன்ன டிரைவர் இல்லாத வண்டி இரண்டே நிறுத்தங்களுக்கு நடுவே ஓடியது. சாய்ந்து உட்காருவதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது! 2016 கெடுவும் 2030-க்குத் தள்ளிப் போனது.

இனி லைன். 2022-ல் வெளியிட்ட வடிவமைப்புப்படி 170 கி.மீ. நீளம், 200 மீட்டர் அகலம், 500 மீட்டர் உயரம், 90 லட்சம் பேர், வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி. கார் கிடையாது, எல்லாம் காற்றாலை, சூரிய மின்சாரம் என்றார்கள். சரி, 500 மீட்டர் உயரத்துக்கு இரும்பும் சிமெண்டும் எங்கிருந்து வரும்? கட்டுமானத்துக்கு மட்டுமே 180 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகும் என்று ஆஸ்திரேலியக் கட்டடக்கலைப் பேராசிரியர் பிலிப் ஓல்ட்ஃபீல்ட் கணக்கிட்டார். பிரிட்டன் ஒரு வருடம் முழுக்க விடுவதைப் போல நான்கு மடங்குக்கு மேல். குடி புகும் முன்பே இவ்வளவு கார்பன் கடன். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே வலசை போகும் பறவைகளின் வழியில் அந்தக் கண்ணாடிச் சுவர் எழும் என்பது வேறு.

தண்ணீருக்குச் செங்கடலைத்தான் நம்ப வேண்டும். உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும். மிஞ்சும் உப்புக் கழிவை என்ன செய்வது என்பது தனித் தலைவலி.

தூசிக்காற்று அடித்த மறுநாள் மொட்டைமாடியில் ஏசி கண்டென்சரைக் கழுவுவோம். குழம்பு மாதிரிச் சேறு வழியும். சோலார் தகட்டிலும் அதே தூசிதான் படியும். தண்ணீர் விட்டுக் கழுவினால், அந்தத் தண்ணீரும் கடலிலிருந்து கரண்ட் செலவழித்து எடுத்ததுதான்.