லீவு முடிந்தும் கிளம்பாத கணவர்

மதிப்புக்குரிய மேடம்,

எனக்கு 52 வயது. கோவையில் இருக்கிறோம். நானும் என் கணவரும் ராணுவத்தில் ஒரே இடத்தில் வேலை பார்த்தபோது பழகி, 2000-ல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். வெள்ளி விழாவை மகன் பெரிதாகவே நடத்தினான். வந்தவர்கள் எல்லாம் "உங்களைப் பார்த்துக் கத்துக்கணும்" என்றார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

சென்னை பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்து 1996-ல் ஆர்மி சர்வீஸ் கோரில் (ராணுவத்துக்கு உணவு, எரிபொருள் சப்ளை செய்யும் பிரிவு) சேர்ந்தேன். லடாக்கில் உள்ள லே-வில் அவர் கேப்டன், நான் லெப்டினன்ட். சோஜி லா கணவாயைப் பனி மூடுவதற்குள் குளிர்காலத்துக்கான அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் லாரியில் வந்து சேர்ந்தாக வேண்டும். ஒருநாள் மண்ணெண்ணெய் பேரல் கணக்கு தப்பு என்று ஜவான்கள் முன்னாலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். என்னைவிட சீனியர். முறைத்தார். பிறகு அவரே வரிசை வரிசையாக நடந்து எண்ணிவிட்டு வந்து, அதே ஜவான்கள் முன்னால், "நீங்க சொன்னதுதான் சரி" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

கல்யாணத்துக்கு மறுவருடக் கடைசியில் ஆபரேஷன் பராக்ரம், பாகிஸ்தான் எல்லையில் படைகளைக் குவித்தார்களே, அது. அவர் ராஜஸ்தான் எல்லைக்குப் போய்விட்டார், நான் வேறொரு ஸ்டேஷனில். 2003-ல் மகன் பிறந்தான். 2006-ல் எனக்குப் பத்து வருட சர்வீஸ் முடிந்தது; தொடர வேண்டுமானால் நீட்டிப்பு கேட்க வேண்டும். அவருக்கோ காஷ்மீரில் ஃபீல்டு போஸ்டிங், குடும்பம் கூடப் போக முடியாது. நீட்டிப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பென்ஷன் கிடையாது. போ என்று அவர் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலும் ஆர்மி ஸ்கூலில் டீச்சராகப் புதிதாக வேலை கேட்டுச் சேர்வேன். யூனிஃபார்மில் உள்ளே போன அதே மெஸ்ஸில், புடவை கட்டிக்கொண்டு 'லேடீஸ்' வரிசையில் உட்காருவேன். அதுகூடப் பழகிவிட்டது. 2023 தொடக்கத்தில் 108 பெண் அதிகாரிகளைக் கர்னல் பதவிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். என்னோடு பயிற்சி எடுத்தவள் ஒருத்தியின் பெயர் அதில் இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துப் போட்டுவிட்டு, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கணவர் 2024-ல் கர்னலாக ஓய்வு பெற்றார். அன்றிலிருந்து நாள் முழுக்க வீட்டில்தான். மிளகாய்த்தூள், தனியாத்தூள் டப்பாவுக்கெல்லாம் லேபிள் ஒட்டி, வாங்கிய தேதி எழுதுகிறார். வேலைக்கார அம்மா எத்தனை மணிக்கு வருகிறார் என்று நோட்டில் குறிக்கிறார். முன்பெல்லாம் லீவில் வருவார், கொண்டாட்டமாக இருக்கும், போய்விடுவார். இப்போது லீவு முடியவே மாட்டேன் என்கிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்காவது போய்விட மாட்டாரா என்று தோன்றுகிறது. அவர் நல்ல மனிதர் மேடம், ஒருநாளும் கை ஓங்கியதில்லை. தூரத்தில் இருந்ததால்தான் எங்கள் கல்யாணம் நிலைத்ததா?

- பெயர் வேண்டாம், கோவை


அன்புள்ள தோழிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓரளவுக்கு, ஆமாம். கிடைத்த லீவில் சண்டை எதற்கு என்று இருவருமே வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள். அடுத்த லீவுக்கு என்று தள்ளிப்போட்டது அதற்கடுத்த லீவுக்குப் போயிருக்கும். அந்தப் பாக்கிதான் இப்போது மொத்தமாக வாசலில் வந்து நிற்கிறது. ஆனால் தூரம் மட்டுமே ஒரு கல்யாணத்தை இத்தனை வருடம் தாங்கிவிடாது. அதே தூரத்தில் முறிந்துபோன குடும்பங்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

லேபிள் விஷயத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. நேற்றுவரை நூறு பேர் 'சார்' என்றார்கள், டிரைவர் இருந்தார். 54 வயதில் ஒரே நாளில் எல்லாம் போய்விட்டது. கையில் மிஞ்சியது உங்கள் சமையலறை. "இது என் இடம், கை வைக்காதீங்க" என்று நேராகச் சொல்லுங்கள். உத்தரவு கேட்டுப் பழகியவருக்கு நேர்ப்பேச்சு உறைக்கும். ஜாடைப்பேச்சுதான் விளங்காது.

எனக்கு முக்கியமாகப் படுவது 2006. ஒரு சாவு விழுந்தால் ஊரே துக்கம் விசாரிக்க வருகிறது. நீங்கள் யூனிஃபார்மைக் கழற்றியபோது என்ன சொல்லியிருப்பார்கள்? "நல்ல முடிவு, பிள்ளைக்கு அம்மா வேணும்." இப்படி யாரும் விசாரிக்க வராத துக்கத்தைப் பற்றி கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989-லேயே எழுதியிருக்கிறார். இழந்தவரே அதைத் துக்கம் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார் என்பதுதான் இதில் சிக்கல். நீங்களும் 'அதுகூடப் பழகிவிட்டது' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2006-ல் உங்கள் பிரிவில் பெண்களுக்கு நிரந்தர கமிஷனே, அதாவது ஓய்வு வயதுவரை அதிகாரியாக நீடிக்கும் உரிமையே, கிடையாது. நீட்டிப்பு வாங்கியிருந்தாலும் இன்னும் நான்கு வருடம்தான் என்பது அன்றைய விதி. அவருக்கு மட்டும் கர்னல்வரை பாதை திறந்திருந்தது. இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தாலும் அது உங்கள் பக்கம் சாய்ந்திருக்காது. பிறகு உங்கள் தோழிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றம், 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இரண்டுமே பெண்களுக்கும் நிரந்தர கமிஷன் தரச் சொல்லித் தீர்ப்பளித்தன. உடல் வலிமை, குடும்பப் பொறுப்பு என்று அரசுத் தரப்பு அடுக்கிய காரணங்கள் எடுபடவில்லை. தலையெழுத்து என்று நினைத்திருந்தது வெறும் ரூல்தான், அதை மாற்ற முடியும் என்று தெரியவந்தபோது ஆறிய புண் மறுபடி திறந்துகொண்டது. ஆகவே உங்கள் கோபத்தைப் பங்கு பிரித்துப் பாருங்கள். பெரும்பங்கு அந்த ரூலுக்குப் போகும்.

மிச்சப் பங்கு அவருக்குத்தான், அதை நான் தள்ளுபடி செய்யப் போவதில்லை. 'போ'வும் இல்லை, 'இரு'வும் இல்லை என்று எழுதினீர்களே, அதுதான் அவர் பாக்கி. நல்ல மனிதர்மேல் கோபப்படக் கூடாது என்று அதை அடக்கி வைத்ததால்தான் அது மிளகாய்த்தூள் டப்பாமேல் பாய்கிறது.

பேசுங்கள். சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக வேண்டாம், காலை வாக்கிங்கில் பக்கத்தில் நடந்துகொண்டே பேசலாம். "நான் நீட்டிப்பு வேண்டாம்னு எழுதிக் கொடுத்தப்போ நீங்க என்ன நினைச்சீங்க?" என்று கேளுங்கள். "நீதானே முடிவு பண்ணே" என்று அவர் சொல்லக்கூடும். வலிக்கும். அந்த நிமிடம் தியாகப் பட்டியலைத் திறந்தால் பேச்சு அங்கேயே செத்துவிடும். "ஆமா, ஆனா நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரை யோசிக்க விடுங்கள். ஜவான்கள் முன்னால் திரும்ப எண்ணிப் பார்த்தவர் இவர்தானே? நீங்கள் 'சார்' என்று கூப்பிட்டு எதிர்த்துப் பேசிய நாட்களில் அவருக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கிறது. மனைவியான பிறகு நீங்கள் அவரிடம் அப்படி எதிர்த்துப் பேசியதாகக் கடிதத்தில் ஓரிடத்தில்கூட இல்லை.

கர்னலான அந்தத் தோழிக்கு ஒரு போன் செய்யுங்கள். குழுவில் போட்ட வாழ்த்து கணக்கில் சேராது. உங்கள் பொறாமையைக் கேட்டு அதிர்ச்சியடையாத ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

இரண்டொரு மாதம் பேசிப் பார்த்தும் அழுகை நிற்கவில்லை, தூக்கம் கெடுகிறது என்றால் இருவருமாக ஒரு ஆலோசகரைப் பாருங்கள். ஈசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் கேட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். அவர் வர மறுத்தால் காத்திருக்க வேண்டாம், நீங்கள் மட்டும் போங்கள்.