அச்சடித்த கடிதமும் சொந்தக் கடிதமும்

அன்புள்ள சார்,

நான் 19 வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. என்னோடு வேலை பார்க்கும் யூத நண்பர் ஒருவர் ஒரு மனுவை அனுப்பினார். இஸ்ரேலியரும் பாலஸ்தீனியரும் நேரடியாகச் சமாதானப் பேச்சு நடத்துவதை ஆதரிக்கும்படி எங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரைக் கேட்கும் கடிதம் அது. கீழே பெயர் போட்டு அனுப்பினால் போதும். காஸா படங்களைப் பார்த்த கண்ணோடு அதில் பெயர் போடக் கை வரவில்லை. 30 வருடமாகப் பேசி என்ன கிடைத்தது? நான் ஒருவன் கடிதம் எழுதி என்ன ஆகிவிடப் போகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கண்டிப்பாக எழுதுங்கள். ஆனால் அந்த அச்சடித்த கடிதத்தில் வெறும் பெயரைப் போட்டு அனுப்பாதீர்கள், நீங்களே எழுதுங்கள்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. சட்டமன்றங்களில் கை தூக்குகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் என்ன பங்கு என்று பார்த்தால் எனக்கு முதலில் ஏபி நாதன் ஞாபகம்தான் வரும். ஈரானில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, விமானியாகி, பிறகு இஸ்ரேலில் குடியேறி, நடுக்கடலில் ஒரு கப்பலை நிறுத்தி அதிலிருந்து சமாதானத்துக்காக வானொலி நடத்திய மனிதர். பாலஸ்தீன விடுதலை இயக்கமான பி.எல்.ஓ.வின் தலைவர் அராஃபத்தைச் சந்தித்ததற்காக இரண்டு முறை சிறைக்குப் போனார். ஏனென்றால் 1986இல் இஸ்ரேல் நாடாளுமன்றமான க்னெசெட் ஒரு சட்டம் போட்டிருந்தது: பி.எல்.ஓ. ஆட்களை இஸ்ரேலியக் குடிமகன் சந்தித்தாலே குற்றம். பேசியது என்ன என்பது பொருட்டே இல்லை.

அந்தச் சட்டத்தை 1993 ஜனவரி 19 அன்று க்னெசெட் நீக்கியது. மறுநாள் நார்வேயின் சார்ப்ஸ்போர்க் ஊரில் ஒரு பழைய மாளிகையில் ஹிர்ஷ்ஃபெல்ட், புந்தாக் என்ற இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்களும், பி.எல்.ஓ.வின் அபு அலாவும் அவரோடு வந்த இருவரும் பேச உட்கார்ந்தார்கள். ஹிர்ஷ்ஃபெல்டும் அபு அலாவும் அதற்கு முந்தைய மாதமே லண்டனில் ஒருமுறை சந்தித்திருந்தார்கள், ஆனால் அந்தச் சந்திப்பு சட்டப்படி குற்றம். சார்ப்ஸ்போர்க்கில் எல்லோரும் ஒரே வீட்டில் தங்கினார்கள், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். மே மாதம் இஸ்ரேல் அரசின் சார்பில் யூரி சவிர் வந்து சேர்ந்தார். கடந்த காலத்தில் யார் செய்தது சரி என்று இனி வாதாடுவதில்லை என அவரும் அபு அலாவும் ஒத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் பேச்சு நகர்ந்தது. அந்த வருடம் செப்டம்பர் 13 அன்று வாஷிங்டனில் ஓஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தானது.

இரண்டு வருடம் கழித்து இரண்டாம் ஒப்பந்தம் க்னெசெட்டுக்கு வந்தபோது 61 பேர் ஆதரவு, 59 பேர் எதிர்ப்பு. ஒரே ஒருவர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் 60க்கு 60 ஆகியிருக்கும். அதே வருடம் நவம்பர் 4 அன்று இஸ்ரேல் பிரதமர் ரபீனைச் சுட்டுக் கொன்றார்கள், சுட்டது ஓர் இஸ்ரேலிய யூத இளைஞன். அப்படி எதிர்ப்பு கொதித்துக்கொண்டிருந்த நாட்களில் அந்த 61 பேர் கை தூக்கினார்கள். ஒரு எம்.பி.யின் கைக்கு மதிப்பில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

"30 வருடமாகப் பேசி" என்கிறீர்கள். அது சரியில்லை. 2001 ஜனவரியில் எகிப்தின் தாபாவில் பேச்சு நின்ற பிறகு, 2007 நவம்பரில் அமெரிக்காவின் அனாபொலிஸில் நடந்த மாநாடு வரை முறையான பேச்சு இல்லை. அடுத்து இஸ்ரேல் பிரதமர் ஓல்மெர்ட்டும் பாலஸ்தீனத் தலைவர் அப்பாஸும் 36 முறை சந்தித்தார்கள். 2008 செப்டம்பரில் ஓல்மெர்ட் இரு நாடுகளுக்கும் எல்லை குறித்த ஒரு வரைபடத்தைக் காட்டினார், ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாமல் நகல் தர மறுத்தார். அப்பாஸ் தான் பார்த்ததை நினைவிலிருந்து கையாலேயே ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டார். லட்சக்கணக்கான மக்களின் வீடும் வயலும் கிணறும் அந்தக் கோடுகளில் இருந்தன என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை. ஓல்மெர்ட் ஊழல் வழக்குகளில் சிக்கிப் பதவி விலகினார், அந்தப் பேச்சு அதோடு நின்றது. கடைசியாக அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் கெர்ரி முயன்ற பேச்சு 2014 ஏப்ரலில் முறிந்தது. அதற்கப்புறம் இரு தரப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்து இறுதித் தீர்வு பற்றிப் பேசவே இல்லை. 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டதும், அதன்பின் காஸாவில் 60,000க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதும் பேச்சே இல்லாமல் போன அந்த வருடங்களுக்குப் பிறகுதான். பேசியிருந்தால் நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பேசாததன் விலையையும் கணக்கில் சேருங்கள் என்கிறேன்.

ஆனால் உங்கள் கை தயங்கியதிலும் நியாயம் இருக்கிறது. "நேரடிப் பேச்சு" என்ற சொல்லை ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2012 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை 138 வாக்குகளால் பாலஸ்தீனத்துக்கு உறுப்பினரல்லாத நாடு என்ற தகுதி கொடுத்தபோது, எதிர்த்து வாக்களித்த 9 நாடுகளில் ஒன்றான அமெரிக்கா சொன்ன காரணம், இது நேரடிப் பேச்சில்தான் தீர வேண்டும் என்பது. பேச்சு என்னவோ தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது, மேற்குக் கரையில் மட்டும் வீடுகள் எழும்பிக்கொண்டே இருந்தன. ஓஸ்லோ காலத்தில் அங்கே ஒரு லட்சத்துச் சொச்சம் இஸ்ரேலியக் குடியேறிகள், இப்போது கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே சுமார் 5 லட்சம் பேர். 2024 ஜூலையில் க்னெசெட் பாலஸ்தீன நாடே கூடாது என்று 68க்கு 9 வாக்கில் தீர்மானம் போட்டது. எதைப் பற்றிப் பேச வேண்டுமோ அதையே மறுத்துவிட்டுப் பேசலாம் என்றால் யார் வருவார்கள்?

அதனால்தான் சொந்தமாக எழுதச் சொல்கிறேன். பேச்சு நடக்கும்போது குடியேற்றங்கள் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். பாலஸ்தீனர்கள் கடைசியாக நாடாளுமன்றத் தேர்தல் கண்டது 2006இல். அவர்கள் பெயரில் பேச வருகிறவர்களை அவர்களே தேர்ந்தெடுக்க ஒரு தேர்தலுக்கு உதவச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் காங்கிரஸே 2020 டிசம்பரில் இரு கட்சி ஆதரவோடு, இஸ்ரேலியரும் பாலஸ்தீனியரும் சேர்ந்து செய்யும் வேலைகளுக்கு 5 வருடத்தில் 25 கோடி டாலர் என்று சட்டம் போட்டது. நீட்டா லோவி என்ற அப்போதைய நியூயார்க் உறுப்பினரின் பெயரில் இருக்கும் சட்டம். அதில் பெரும்பங்கைக் கையாண்ட, வெளிநாட்டு உதவிக்கான அமெரிக்க அரசு நிறுவனமான யு.எஸ்.எய்ட் 2025இல் மூடப்பட்டுவிட்டது. அந்த வேலை என்ன ஆனது, தொடருமா என்று நேராகக் கேளுங்கள். இந்த மாதிரிக் கேள்விக்கு அச்சடித்த பதில் அனுப்ப முடியாது.

நெருங்கிய உறவுகளைப் பறிகொடுத்த இஸ்ரேலிய, பாலஸ்தீனக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பேரண்ட்ஸ் சர்க்கிள் என்ற ஓர் அமைப்பு 1995 முதல் இருக்கிறது. ஹமாஸ் கொன்ற ஓர் இளைஞனின் தகப்பனார் தொடங்கியது. அவர்கள் இன்னும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள்.

ஒரு பக்கம் போதும். தொகுதி வாக்காளர் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அனுப்புவதற்கு முன்னால் உங்கள் நண்பரிடம் ஒருமுறை காட்டுங்கள். குடியேற்றம் பற்றிய பகுதி அவருக்குப் பிடிக்காமல் போகலாம். ஏன் என்று கேளுங்கள், அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.