எஸ்எஸ்பி-யில் தேர்வான பிறகும் ஏன் இத்தனை மாதக் காத்திருப்பு?

ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி நேர்காணலில் பரிந்துரை கிடைத்தது, மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது, கடிதம் மட்டும் வரவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, பரிந்துரை என்பது பாதிக் கிணறு தாண்டியது மாதிரிதான். ராணுவ அதிகாரிப் பணிக்கான சிடிஎஸ் தேர்வு வழியாகச் சென்னை ஓடிஏ (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) என்றால் எழுத்துத் தேர்வுக்கு 200 மதிப்பெண், எஸ்எஸ்பி நேர்காணலுக்கு 200. இரண்டையும் கூட்டித்தான் யுபிஎஸ்சி தரவரிசைப் பட்டியல் போடும். எல்லா ஊர் நேர்காணலும் முடிய வேண்டும், தாமதம் அங்கேதான். பட்டியலில் மருத்துவ முடிவைச் சேர்ப்பதில்லை. ஆனால் காலியிடம், தரவரிசை, உடல்தகுதி மூன்றும் ஒத்துவந்தால்தான் சேர்க்கைக் கடிதம்.

என் மகன் காத்திருந்த மாதங்களில் சேலம் காந்தி மைதானத்தில் விடியற்காலை ஓட்டத்தை ஒருநாளும் விடவில்லை. வந்ததும் ஈர ஷூவை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, அப்புறம்தான் கைப்பேசியைத் தொடுவான். நீங்களும் ஓடுங்கள், அடுத்த சிடிஎஸ்ஸுக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.