வேலைக்குக் கிளம்பினாலே ஊளையிடுகிறது

கேள்வி: வணக்கம் அக்கா. கல்யாணமான நாளிலிருந்து தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த நாங்கள் போன வருஷம்தான் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறினோம். எங்கள் மணியையும் கூடவே கொண்டுவந்தோம், வயது 6. லயத்தில் இருந்தவரை சாதுவான நாய். இங்கே நானும் வீட்டுக்காரரும் காலையில் ஃபேக்டரி பஸ் ஏறியதுமே ஊளையிடத் தொடங்கிவிடுகிறதாம். கிரில் கேட்டைக் கடித்து ஒரு பல் உடைந்துவிட்டது, கதவைப் பிறாண்டி நகமெல்லாம் ரத்தம், வாசலிலேயே மூத்திரம். பக்கத்து வீட்டில் இரண்டு முறை சொல்லிவிட்டார்கள், அடுத்து நகராண்மைக் கழகத்தில் புகார்தான் என்கிறார்கள். வீட்டுக்காரர் கோபத்தில் அடித்தும் பார்த்துவிட்டார். எங்களோடு இல்லாமல் இன்னும் லயத்திலேயே இருக்கும் மாமியாரோ, வரும்போதெல்லாம் "அதுக்குத் திமிரு, தப்பு செஞ்சது தெரிஞ்சுதான் தலையைத் தொங்கப்போடுது" என்கிறார். துணைக்கு ஒரு குட்டி வாங்கலாமா, இல்லை தோட்டத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, முதலில் அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், இன்றைக்கே. மற்றதைப் பிறகு பேசலாம்.

"லயத்தில் இருந்தவரை சாதுவான நாய்" என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆட்கள் போய்விட்டாலும் லயம் காலியாகாது, வாசலில் கிழவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஆயாக்கொட்டகையில் பிள்ளைகள் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், கதவுகள் பாதி திறந்தே கிடக்கும், நாய் ஒரு வீட்டில் சோறு தின்று இன்னொரு வீட்டு வாசலில் படுத்துக்கொள்ளும். மணி பிறந்ததிலிருந்து ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருந்திருக்காது. அதைத் திடீரென்று ஒரு நாள் கிரில்லைப் பூட்டி, மனித வாடையே இல்லாமல் பத்து மணி நேரம் விட்டால் அது என்ன செய்யும்? நீங்கள் போன வழியாகவே வெளியேறப் பார்க்கிறது. பல் உடைகிற அளவுக்கு ஒரு பிராணி இரும்பைக் கடிக்கிறது என்றால் அது பயத்தின் உச்சம். இதைத்தான் பிரிவுப் பதற்றம் என்கிறார்கள்.

தலையைத் தொங்கப்போடுவதற்கு வருகிறேன். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னக்கூடாது என்று சொன்ன பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த 'குற்ற முகத்துக்கும்' சம்பந்தமே இல்லை, எஜமானர் திட்டினால் ஒன்றும் செய்யாத நாயும் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டது. மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், மணி உங்கள் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறது, அவ்வளவுதான். வீடு திரும்பும்போது அடி விழும் என்று தெரிந்துவிட்டால் நீங்கள் போவதும் பயம், வருவதும் பயம் என்றாகிவிடும்.

எதற்கும் ஒரு நாள் பழைய கைப்பேசியை வாசலைப் பார்த்த மாதிரி வைத்து வீடியோவை ஓடவிட்டுக் கிளம்புங்கள். பொழுதுபோகாத நாய் கொஞ்சம் தூங்கும், அப்புறம் செருப்பைக் கடிக்கும். பதற்றப்படும் நாய் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே மூச்சிரைத்து, எச்சில் வடித்து, வாசலுக்கும் ஜன்னலுக்கும் ஓடும், பிடித்த சாப்பாட்டை வைத்தாலும் தொடாது, நீங்கள் வந்த பிறகுதான் தின்னும். அந்த வீடியோவோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள். உடைந்த பல்லை எப்படியும் காட்டியாக வேண்டும், மூத்திரத்தில் தொற்று ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த சமயம் ஒரு குட்டியை எடுத்து வளர்த்தோம், மாதக்கணக்கில் அதைச் சுற்றி எப்போதும் நான்கு பேர். எல்லாரும் வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே கதவின் கீழ்ப்பாதி போய்விட்டது. நானும் திட்டியிருக்கிறேன், இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது. அதைச் சரிசெய்தது சின்னச் சின்னப் பயிற்சிதான். சாவியை எடுப்பேன், திரும்ப மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். செருப்பைப் போடுவேன், அடுப்படிக்குப் போவேன். சாவிச் சத்தத்துக்கு அது தலையைத் தூக்காத அளவுக்கு ஆன பிறகு, வெளியே போய்க் கதவைச் சாத்தி ஐந்து விநாடியில் உள்ளே வருவது, அப்புறம் பத்து, அப்புறம் மறுபடி ஐந்து, அப்புறம் அரை நிமிடம், இப்படி. அது பதறுவதற்கு முன்னால் திரும்பிவிட வேண்டும், பதறிவிட்டால் மறுநாள் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். போகும்போதும் வரும்போதும் கொஞ்சல் ஆர்ப்பாட்டம் வேண்டாம். எங்களுக்கு நான்கு மணி நேரத்தை எட்ட ஐந்து மாதம் ஆனது.

இதில் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. மாலையில் ஐந்து விநாடி பழக்கிவிட்டு மறுநாள் காலையில் பத்து மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால் பழக்கியதெல்லாம் வீண். பயிற்சி நடக்கும் காலத்தில் மணி தாங்கக்கூடிய நேரத்துக்கு மேல் அதைத் தனியாக விடக்கூடாது. அதனால்தான் கேட்கிறேன், மாமியார் பகலில் உங்கள் வீட்டில் வந்து இருக்க முடியுமா? அவருக்குத் தோதுப்படாது என்றால் காலையில் மோட்டாரில் கொண்டுபோய் லயத்தில் விட்டு மாலையில் அழைத்து வாருங்கள். நீங்கள் இருவரும் வேறு வேறு ஷிப்ட் கேட்டுப் பார்க்கலாம். சில நாய்களுக்கு யாராவது ஒரு ஆள் இருந்தாலே போதும், சிலதுக்குக் குறிப்பிட்ட ஆள்தான் வேண்டும், மணி எந்த ரகம் என்று ஓரிரு நாளில் தெரிந்துவிடும். நிரந்தரமாகத் தோட்டத்தில் விட்டுவிடுவதை மட்டும் நினைக்காதீர்கள். முன்பு இருந்த ஆட்களில் பாதிப் பேர்கூட இப்போது அங்கே இருக்க மாட்டார்கள், சோறு வைக்கவும் கூப்பிடவும் மாமியாரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இன்னொரு குட்டியும் வேண்டாம். மணி தேடுவது மனிதர்களை, அதனால் பெரும்பாலும் அதன் பயம் குறையாது, வீட்டில் ஊளையிட இரண்டு நாய் ஆகிவிடும். கூண்டில் அடைத்தாலும் சங்கிலியில் கட்டினாலும் இருக்கிற பல்லையும் உடைத்துக்கொள்ளும்.

மணியின் நிலை முற்றியிருப்பதால் மருத்துவர் மாத்திரை எழுதினால் தயங்க வேண்டாம். ஃபுளுவாக்ஸெட்டின், குளோமிபிரமின் இரண்டும் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. தூங்கவைக்கிற மருந்து என்று நினைத்துவிடாதீர்கள், பயத்தைக் கொஞ்சம் தணித்துப் பயிற்சி மண்டையில் ஏற வழிசெய்யும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். வீட்டில் யாருக்கோ வாங்கிய மாத்திரையை மட்டும் நீங்களாகவே கொடுத்துவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்கு இந்த வாரமே போங்கள், அவர்கள் மறுபடி கதவைத் தட்டும் முன்பே. நாய் லைசென்ஸ் எடுக்கவில்லை என்றால் அதையும் உடனே எடுத்துவிடுங்கள். ஊளைச் சத்தம் அவர்களுக்கும் பெரிய தொல்லைதான், அதை ஒப்புக்கொண்டு, மருத்துவரிடம் காட்டப்போகிறோம், இன்ன நாளிலிருந்து பகலில் ஆள் இருப்பார்கள் என்று சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எப்போது அடங்குகிறது என்று அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொண்டால் மருத்துவருக்கும் உதவும். வீடியோவில் என்ன தெரிந்தது, மாமியார் என்ன சொன்னார் என்று எனக்கு மறுபடி எழுதுங்கள் தங்கச்சி, காத்திருப்பேன்.